கல்லூரிப் பேஸ்பால்: விதிகளும் ஆட்டத்தின் எல்லையும்

ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு முடிவு உண்டு. அம்முடிவை எதனைக் கொண்டு அளப்பது என்பதிலேதான் விளையாட்டுகள் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. கபடி ஆட்டம் 20 நிமிடப் பகுதிகள் இரண்டில் முடிந்துவிடுகிறது. கால்பந்தாட்டத்துக்கு 90 நிமிடம் என்பது வரையறை. கிரிக்கெட்டில் நாள்கணக்கோ ஓவர்க்கணக்கோ எல்லையாக நிற்கிறது. அமெரிக்க நாட்டில் பெருவழக்காக உள்ள பேஸ்பால் ஆட்டத்திலோ கடிகாரமும் எல்லையன்று; எறியப்படும் பந்துகளின் எண்ணிக்கையும் எல்லையன்று. எதிரணியினரில் குறிப்பிட்ட தொகையினரை ஆட்டமிழக்கச் செய்தாலன்றி ஆட்டம் முடிவதில்லை என்பதே அதன் அடிப்படை.

இக்கொள்கை சொல்வதற்கு எளியது. ஆனால் ஆடுபவர்கள் மாணவர்களாக இருக்கும்போது அதில் சில சிக்கல்கள் எழுகின்றன. ஞாயிறு மாலையில் ஆடி முடித்து, பல நூறு மைல் பயணம் செய்து, திங்கட்கிழமை வகுப்பில் அமர வேண்டியவர்கள் அவர்கள். பந்து எறியும் இளைஞனுக்கோ தன் தோளும் முழங்கையுமே எதிர்காலம். எல்லையற்ற ஆட்டத்துக்கு எங்கே எல்லையிடுவது, அவ்வாறு எல்லையிடும்போது தோற்கும் அணிக்கு அநீதி நேராமல் காப்பது எப்படி என்பவை அமெரிக்கக் கல்லூரிகள் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினாக்கள். அவற்றுக்கு அவை கண்ட விடைகளை அறியுமுன் ஆட்டத்தின் அடிப்படை விதிகளைச் சுருக்கமாகக் காண்போம்.

ஆட்டக்களத்தின் உட்பகுதி ஒரு சதுரம். அதன் ஒவ்வொரு பக்கமும் 90 அடி, அதாவது ஏறத்தாழ 27.4 மீட்டர். நான்கு மூலைகளிலும் நான்கு தளங்கள் உள்ளன. மட்டையாளர் நிற்கும் மூலையை மூலத்தளம் என்போம். அங்கிருந்து வலஞ்சுழியாக அன்று, இடஞ்சுழியாக முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் என்று வரிசைப்படும். சதுரத்தின் நடுவே சற்று உயர்ந்த மேட்டில் எறிவாளர் நிற்கிறார். அவர் காலூன்றும் பலகைக்கும் மூலத்தளத்துக்கும் இடையே 60 அடி 6 அங்குலத் தொலைவு. மூலத்தளத்தின் பின்னே பிடிப்பாளர் குந்தியிருப்பார்; அவருக்குப் பின்னே நடுவர். களத்தைக் காக்கும் அணியில் மொத்தம் ஒன்பது பேர்.

கிரிக்கெட்டில் பந்து பெரும்பாலும் தரையில் பட்டு எழும்பி வருகிறது. பேஸ்பாலிலோ எறிவாளர் பந்தை நேராகவே எறிகிறார். அது மூலத்தளத்தின்மேல், மட்டையாளரின் மார்புக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்ட பகுதியில் சென்றால் நல்ல எறிவு. நல்ல எறிவை மட்டையாளர் அடிக்காமல் விட்டாலும், எந்த எறிவையாயினும் அடிக்க முயன்று தவறினாலும், அவர் கணக்கில் ஒரு ‘ஸ்ட்ரைக்’ ஏறும். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவர் அவுட். எல்லைக்கு வெளியே செல்லும் எறிவை அவர் தொடாமல் விட்டால் அது எறிவாளரின் பிழை. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயர் பந்தையே குறிக்கும் சொல்லாதலால், குழப்பம் நேராதிருக்க நாம் பிழையெறிவு என்றே வழங்குவோம். நான்கு பிழையெறிவுகள் ஆனால் மட்டையாளர் அடிக்காமலே முதல் தளத்துக்கு நடந்து செல்லலாம். அவுட் என்னும் சொல்லை மட்டும் மொழிபெயர்க்கவில்லை. நம் தெருக்களில் ஆடும் சிறுவர்களும் அதனைத் தமிழாகவே ஆக்கிவிட்டனர்.

அடிக்கப்பட்ட பந்து முதல் தளக் கோட்டுக்கும் மூன்றாம் தளக் கோட்டுக்கும் இடைப்பட்ட பரப்பில் விழுந்தால் மட்டையாளர் மட்டையைப் போட்டுவிட்டு முதல் தளத்தை நோக்கி ஓட வேண்டும். அடித்த பந்து தரையில் படுமுன் பிடிக்கப்பட்டால் அவர் அவுட். அவர் தளத்தை அடையுமுன் பந்து அத்தளத்துக் காவலர் கையை அடைந்தாலும் அவுட். தளங்களுக்கிடையே ஓடுபவரைப் பந்தேந்திய கையால் தொட்டாலும் அவுட். இவற்றுக்கெல்லாம் தப்பி, மூன்று தளங்களையும் வரிசையாகத் தொட்டு மூலத்தளத்துக்குத் திரும்பிவிட்டால் அணிக்கு ஓர் ஓட்டம் கிடைக்கும். பந்து வேலியைத் தாண்டிப் பறந்துவிட்டால் மட்டையாளரும் தளங்களில் காத்திருப்போரும் அவசரமின்றிச் சுற்றிவந்து ஓட்டம் பெறலாம்.

அடித்த பந்து கோட்டுக்கு வெளியே சென்றால் அது வெளியடி. முதல் இரண்டு வெளியடிகள் ஸ்ட்ரைக் கணக்கில் சேரும். இரண்டு ஸ்ட்ரைக் ஆனபின் அடிக்கும் வெளியடி கணக்கில் சேராது. ஆகவே திறமுள்ள மட்டையாளர் தமக்கு வேண்டிய எறிவு வரும்வரை பந்தை வெளியே தட்டித் தட்டி எறிவாளரைச் சோர்வடையச் செய்யலாம். ஒருவரை ஆட்டமிழக்கச் செய்ய மூன்று எறிவும் போதும்; பன்னிரண்டு எறிவும் ஆகலாம். ஆட்டத்தின் நீளத்தை முன்கூட்டியே கணித்துச் சொல்ல இயலாமைக்கு இது முதற்காரணம்.

ஓர் அணியில் மூவர் அவுட் ஆனதும் அதன் முறை முடிந்து, மற்ற அணி அடிக்க வருகிறது. இரு அணிகளும் ஒருமுறை அடித்தால் ஓர் இன்னிங்ஸ். வெளியூர் அணி முதலில் அடிக்கும். உள்ளூர் அணி பின்னர் அடிக்கும். ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். ஆகவே ஒவ்வோர் அணிக்கும் 27 அவுட் என்பது உரிமைச் சொத்துப் போன்றது. ஓவர்க்கணக்கில் ஆடப்படும் கிரிக்கெட்டில், கடைசி ஓவரில் 40 ஓட்டம் வேண்டியிருந்தால் பந்துகள் போதாமையாலேயே தோல்வி உறுதியாகிவிடும். பேஸ்பாலில் பந்துகள் தீர்ந்துபோவதில்லை. இருபத்தேழாவது மட்டையாளர் அவுட் ஆகும்வரை, எத்தனை ஓட்டம் பின்தங்கிய அணிக்கும் கணக்களவில் வழி அடைபடுவதில்லை.

இந்த உரிமைக்கு ஓர் இயல்பான விலக்கு உண்டு. ஒன்பதாவது இன்னிங்ஸில் வெளியூர் அணி அடித்து முடித்தபோது உள்ளூர் அணி முன்னணியில் இருந்தால், அது மறுபடி அடிக்க வேண்டியதில்லை. பின்தங்கியோ சமமாகவோ இருந்து, தன் முறையில் முன்னணிக்கு வந்துவிட்டால் அந்தக் கணமே ஆட்டம் முடிவுறும். ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் ஓட்டங்கள் சமமாயின், கூடுதல் இன்னிங்ஸ் ஒவ்வொன்றாக ஆடப்படும்.

ஒன்பது என்னும் இந்த எண் தொடக்கத்திலேயே இருந்ததன்று. 1845ஆம் ஆண்டில் நியூயார்க்கின் நிக்கர்பாக்கர் சங்கம் வகுத்த விதிகளின்படி, 21 ஓட்டம் எடுத்த அணி வெற்றி பெற்றது. 1857இல் சங்கங்கள் கூடி ஒன்பது இன்னிங்ஸ் என்று முடிவுசெய்தன. ஆயினும் நாட்டின் எல்லாப் பகுதிகளும் அதனை உடனே ஏற்றுக்கொண்டுவிடவில்லை. கல்லூரிகளுக்கிடையே நடந்த முதல் ஆட்டம் 1859ஆம் ஆண்டு ஜூலை 1ஆம் நாள் மாசசூசெட்ஸ் மாநிலத்துப் பிட்ஸ்பீல்டு நகரில் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரிக்கும் வில்லியம்ஸ் கல்லூரிக்கும் நடந்தது. அது அம்மாநிலத்து வழக்கப்படி 65 ஓட்டங்களை இலக்காக வைத்து ஆடப்பட்டது. 73க்கு 32 என்ற கணக்கில் ஆம்ஹர்ஸ்ட் வென்றது. மறுநாள் அவ்விரு கல்லூரிகளும் சதுரங்கத்திலும் மோதின என்பது அக்காலத்துக் கல்விக்கூடங்களின் மனப்பான்மையை நமக்கு உணர்த்துகிறது. அதே ஆண்டு நவம்பர் 3ஆம் நாள், நியூயார்க்கில் அணிக்கு ஒன்பதின்மராகக் கல்லூரி அணிகள் ஆடின. நாளடைவில் நியூயார்க் முறையே நாடெங்கும் நிலைபெற்றது.

இக்காலத்தில் கல்லூரி விளையாட்டுகளுக்கு விதி வகுப்பது என்.சி.ஏ.ஏ. எனச் சுருக்கமாக வழங்கும் தேசிய அமைப்பு. அதன் முதற்பிரிவைச் சேர்ந்த பல்கலைக்கழக அணிகள் பிப்ரவரி நடுவில் ஆடத் தொடங்குகின்றன. பருவத்தில் ஓர் அணிக்கு 56 ஆட்டம் உச்ச வரம்பு. வெள்ளி, சனி, ஞாயிறு என மூன்று நாள் தொடர்ந்து ஒரே எதிரணியோடு மோதுவது பெருவழக்கு. பருவத்தின் முடிவில் 64 அணிகள் சாம்பியன் போட்டிக்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. எட்டு அணிகள் கடைசிக் கட்டமாகிய கல்லூரி உலகத் தொடருக்குச் செல்கின்றன. 1947இல் தொடங்கிய அத்தொடர் 1950 முதல் நெப்ராஸ்கா மாநிலத்து ஒமாஹா நகரில் நடந்துவருகிறது. பிற்காலத்தில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரான மூத்த ஜார்ஜ் புஷ், முதல் இரண்டு தொடர்களிலும் யேல் பல்கலைக்கழக அணியில் முதல் தளக் காவலராக ஆடியவர்.

எல்லையற்ற ஆட்டம் எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு 2009ஆம் ஆண்டு மே 30ஆம் நாள் ஒரு சான்று அமைந்தது. டெக்சாஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் டெக்சாஸ் பல்கலைக்கழகமும் பாஸ்டன் கல்லூரியும் சாம்பியன் போட்டியின் வட்டாரச் சுற்றில் மோதின. மாலை ஏழு மணியளவில் தொடங்கிய ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸில் சமனாகியது. பதினெட்டிலும் சமனாகவே நின்றது. நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்குமேல், இருபத்தைந்தாவது இன்னிங்ஸில்தான் டெக்சாஸ் 3க்கு 2 என்று வென்றது. 7 மணி 3 நிமிடம் நீடித்த அதுவே கல்லூரிப் பேஸ்பாலில் மிக நீண்ட ஆட்டமாகப் பதிவாகியது.

அந்த இரவின் பெருமையை அமெரிக்கப் பத்திரிகைகள் வியந்து எழுதின. நாம் கவனிக்க வேண்டியது வேறொரு கணக்கு. டெக்சாஸ் அணியின் ஆஸ்டின் வுட், ஆட்டத்தின் கடைசி ஓரிரு இன்னிங்ஸை முடித்துக்கொடுப்பதற்கென்று வைக்கப்பட்ட எறிவாளர். அவ்விரவில் அவர் 13 இன்னிங்ஸ் எறிந்தார். எறிந்த பந்துகள் 169. எதிரணியில் மைக் பெல்பியோர் 129 பந்துகள் எறிந்தார். ஆட்டத்திலிருந்து விலக்கப்பட்டவர் பொதுவாக மீண்டும் களம் புகலாகாது என்பது விதி. போட்டி தொடரும், மறுநாளும் எறிவதற்கு ஆள் வேண்டும். ஆகவே பயிற்சியாளர்கள் எஞ்சிய எறிவாளர்களைச் சேமிக்கத் தலைப்பட்டனர். அதன் சுமை முழுதும் களத்தில் நின்ற இரு இளைஞர்களின் தோள்மேல் இறங்கிற்று.

நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்த மாணவர், மூன்றாம் ஆண்டை முடித்தாலோ 21 வயதை எட்டினாலோதான் தொழில்முறை அணிகளின் தேர்வுக்கு உரியவராகிறார். அதுவரை அவருடைய கையைக் காக்கும் பொறுப்பு கல்லூரியினுடையது. அவ்வாறிருந்தும் ஓர் எறிவாளர் ஒரு நாளில் இத்தனை பந்துகளுக்கு மேல் எறியலாகாது என்று நாடு முழுதும் பொருந்தும் விதி கல்லூரி ஆட்டத்தில் இல்லை. சிறுவர் போட்டிகளில் அத்தகைய வரம்பு உண்டு. கல்லூரியிலோ அது பயிற்சியாளரின் மனச்சான்றுக்கு விடப்பட்டிருக்கிறது. வெற்றியை வேண்டி நிற்பவரே காவலராகவும் இருக்க வேண்டும் என்பது கடினமான ஏற்பாடு என்பதை மறுப்பதற்கில்லை.

ஆட்டம் நீள்வதற்கு மட்டையும் ஒரு காரணம். தொழில்முறை ஆட்டத்தில் மரமட்டைக்கு மட்டுமே இடம். கல்லூரிகளிலோ 1974 முதல் உலோக மட்டை அனுமதிக்கப்பட்டது. மரமட்டைகள் அடிக்கடி முறிவதால் நேரும் செலவு குறைந்தது. ஆனால் பந்து பாயும் வேகம் மிகுந்தது. ஓட்டங்கள் பெருகின; அவுட் எடுப்பது அரிதாயிற்று; ஆட்டங்கள் நீண்டன. 1998ஆம் ஆண்டு கல்லூரி உலகத் தொடரின் இறுதியாட்டத்தில் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகம் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தை 21க்கு 14 என்று வென்றது. ஒரே ஆட்டத்தில் 35 ஓட்டங்கள்! 2011 முதல் உலோக மட்டையின் துள்ளுதிறன் மரமட்டையை ஒட்டியிருக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு நடைமுறைக்கு வந்தது.

அதே 2011இல் கடிகாரமும் களம் புகுந்தது. தளங்களில் ஓட்டக்காரர் எவரும் இல்லாதபோது எறிவாளர் 20 வினாடிக்குள் எறிந்தாக வேண்டும் என்று விதிக்கப்பட்டது. பின்னர் இக்கட்டுப்பாடு மேலும் விரிவுபெற்றது. எறிவாளர் காலந்தாழ்த்தினால் ஒரு பிழையெறிவும், மட்டையாளர் தாழ்த்தினால் ஒரு ஸ்ட்ரைக்கும் தண்டனை. இக்கடிகாரம் வீணே கழியும் பொழுதைக் குறைக்கிறதேயன்றி, எந்த அணியின் 27 அவுட்டிலும் கைவைப்பதில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும்.

அந்த உரிமையில் கைவைக்கும் விதிகளும் உள்ளன. மழையோ இருளோ குறுக்கிட்டால், ஐந்து இன்னிங்ஸ் முடிந்திருக்கும் ஆட்டத்தை முழு ஆட்டமாகக் கொள்ளலாம்; உள்ளூர் அணி முன்னணியில் இருந்தால் நாலரை இன்னிங்ஸே போதும். ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள் நடைபெறும்போது அவற்றை ஏழு இன்னிங்ஸாகக் குறைத்துக்கொள்ள இடமுண்டு. தொடரின் கடைசி நாளில், வந்த அணி விமானத்தையோ பேருந்தையோ பிடிக்க வேண்டியிருந்தால், குறித்த மணிக்குப் பின் புதிய இன்னிங்ஸ் தொடங்குவதில்லை என்று இரு தரப்பும் முன்னதாகவே ஒப்புக்கொள்வதும் உண்டு.

இவற்றுள் மிகுந்த விவாதத்துக்கு இடமானது பத்து ஓட்ட விதி. இது ஏற்கப்பட்ட ஆட்டங்களில், ஏழு இன்னிங்ஸ் முடிவில் ஓர் அணி 10 ஓட்டமோ அதற்கு மேலோ முன்னணியில் இருந்தால் ஆட்டம் அத்துடன் முடிவுறும். முன்னணியில் இருப்பது உள்ளூர் அணியாயின் ஆறரை இன்னிங்ஸே போதும். இதனைக் கருணை விதி என்றும் அமெரிக்கர் அழைப்பதுண்டு. கருணை யாருக்கு என்று கேட்கலாம். தோற்கும் அணியின் மானத்தைக் காப்பது என்பது ஒரு விடை. ஆயினும் முறையாக நோக்கினால், முடிவு ஏறக்குறையத் தெரிந்துவிட்ட ஆட்டத்தில் இரு தரப்பு எறிவாளர்களும் மேலும் 30, 40 பந்துகள் எறிவதைத் தவிர்ப்பதே இதன் மெய்ப்பயன்.

எதிர்வாதமும் புறக்கணிக்கத்தக்கதன்று. பத்து ஓட்டப் பின்னடைவை இரண்டு இன்னிங்ஸில் ஈடுசெய்வது அரிது, ஆனால் முடியாததன்று. கடைசி அவுட் வரை நம்பிக்கைக்கு இடமளிக்கும் ஆட்டத்தில், எஞ்சிய ஆறு அவுட்டைப் பறிப்பது அதன் உயிர்நாடியையே அறுப்பதாகும் என்பர் மறுப்போர்.

இவ்விரு வாதங்களையும் சீர்தூக்க 2023ஆம் ஆண்டு ஒமாஹாவில் நடந்த இறுதித் தொடர் நமக்கு உதவும். மூன்று ஆட்டங்களில் இரண்டை வென்றவரே சாம்பியன். முதல் ஆட்டத்தில் லூயிசியானா மாநிலப் பல்கலைக்கழகம் புளோரிடாவை 11 இன்னிங்ஸில் 4க்கு 3 என்று வென்றது. மறுநாள் புளோரிடா 24க்கு 4 என்று பழிதீர்த்தது. அந்த ஆட்டம் ஒன்பது இன்னிங்ஸும் முழுமையாக நடந்தது. இருபது ஓட்டத் தோல்வியால் லூயிசியானாவுக்கு நேர்ந்த இழப்பு ஓர் ஆட்டமே. மூன்றாம் நாள் இரு அணிகளும் பூஜ்யத்திலிருந்து தொடங்கின. லூயிசியானா 18க்கு 4 என்று வென்று பட்டம் பெற்றது.

பேஸ்பாலில் ஓட்ட வித்தியாசம் அடுத்த நாளுக்குத் தொடர்வதில்லை. ஓர் ஓட்டத்தில் தோற்பதும் இருபதில் தோற்பதும் கணக்கில் ஒன்றே. ஆனால் எறிவாளர் எறிந்த பந்துகளின் களைப்பு அடுத்த நாளுக்குத் தொடர்கிறது. ஆகவே வெள்ளிக்கிழமை ஆட்டத்தில் பெரிதும் பின்தங்கிவிட்ட அணி, கடைசி ஆறு அவுட்டை விட்டுக்கொடுத்து ஞாயிற்றுக்கிழமைக்குத் தன் எறிவாளர்களைக் காத்துக்கொள்வது நட்டமன்று. பட்டத்தையே தீர்மானிக்கும் கடைசி ஆட்டத்திலோ காக்க வேண்டிய மறுநாள் இல்லை. அங்கே 27 அவுட்டையும் முழுமையாக அளிப்பதே நீதி என்ற வாதத்துக்கு வலிமை மிகுதி. ஒரே விதியை எல்லா ஆட்டங்களுக்கும் பொருத்துவதிலுள்ள இடர்ப்பாடு இதுவே.

இனி வெளிநாட்டுச் செய்திகளில் கல்லூரிப் பேஸ்பால் முடிவு ஏதேனும் நம் கண்ணில் படுமாயின், ஓட்டங்களோடு இன்னிங்ஸ் எண்ணையும் நோக்குவோம். 12க்கு 2, ஏழு இன்னிங்ஸ் என்றிருந்தால் பத்து ஓட்ட விதி செயற்பட்டிருத்தல் கூடும். ஐந்து என்றிருந்தால் மழையை நினைக்கலாம். பதினைந்து, பதினாறு என்று நீண்டிருந்தாலோ, வென்றவர் யார் என்பதைப் பார்த்தபின் எறிவாளர் பட்டியலையும் ஒருமுறை பார்ப்பது நன்று. அன்று ஒவ்வோர் இளைஞனும் எத்தனை பந்து எறிந்தான் என்பது அதில் குறிக்கப்பட்டிருக்கும். விதி இன்னும் வரம்பிடாத கணக்கு அது ஒன்றே.